ஸ்குவாஷ் கோர்ட் ஏன் ஸ்டோர் ரூம் ஆகிறது? ஒரு கிளப்பை உயிரோடு வைத்திருக்க என்ன தேவை?

ஓஎம்ஆர், போரூர், பெரும்பாக்கம் பக்கம் புதிதாக வரும் அடுக்குமாடிக் குடியிருப்பு எதன் விளம்பரத்தையும் எடுத்துப் பாருங்கள். நீச்சல் குளம், ஜிம், குழந்தைகள் விளையாட்டுத் திடல் என்று போகும் பட்டியலில் ஸ்குவாஷ் கோர்ட்டும் இருக்க வாய்ப்பு அதிகம். படத்தில் தரை பளபளக்கும். வெள்ளைச் சுவர் மின்னும். குடியேறி நாலைந்து வருஷம் கழித்து அதே கோர்ட்டின் கதவைத் திறந்தால் சில இடங்களில் காட்சியே வேறு. உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், காற்று போன சைக்கிள்கள், போன வருஷப் பொங்கல் விழா பேனர், யாரோ காலி செய்துவிட்டுப் போன வீட்டின் மெத்தை. கேட்டால் ஒரே பதில்தான்: "யாரு சார் அதுல விளையாடுறா?"

இந்தக் கேள்வி கேட்கப்படும் ஊர் எது என்பதுதான் வேடிக்கை. 2025 டிசம்பரில் ஸ்குவாஷ் உலகக் கோப்பை நடந்தது சென்னையில். இறுதிப் போட்டியில் ஹாங்காங்கை 3-0 என்று வீழ்த்தி இந்தியா முதல் முறையாகக் கோப்பையை வென்றதும் இங்கேதான், எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலுக்குள் போட்ட கண்ணாடிக் கோர்ட்டில். ஜோஷ்னா சின்னப்பா, தீபிகா பள்ளிக்கல், வேலவன் செந்தில்குமார் எல்லாம் சென்னையோடு சேர்த்தே பேசப்படும் பெயர்கள். நேரு பார்க்கில் இருக்கும் இந்தியன் ஸ்குவாஷ் அகாடமிதான் இந்த விளையாட்டுக்கு நாட்டின் தலைமையகம் மாதிரி. 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதல் முறையாகச் சேர்கிறது. அந்த முடிவு எடுக்கப்பட்டதும் இந்தியாவில்தான், 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்தில்.

உச்சியில் இவ்வளவு இருக்க, அடியில் கோர்ட் பூட்டிக் கிடக்கிறது. ஆர்வம் இல்லை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். அது பாதி உண்மைகூட இல்லை. பெரும்பாலான கோர்ட்டுகள் ஆள் வராததால் கெடுவதில்லை. கெட்டுப்போனதால் ஆள் வராமல் போகின்றன. எது முதலில் நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி.

672 சதுர அடி

ஒரு ஒற்றையர் ஸ்குவாஷ் கோர்ட் 32 அடி நீளம், 21 அடி அகலம். மீட்டரில் 9.75-க்கு 6.4. பெருக்கிப் பார்த்தால் 672 சதுர அடி. சென்னையில் அந்த இடத்தில் ஒரு சின்ன 2 பிஹெச்கே வீடே கட்டி விற்கலாம். அதனால்தான் அசோசியேஷன் கூட்டத்தில் அடிக்கடி அதன் மேல் கண் விழுகிறது. பேட்மிண்டனுக்கு அந்த நீளம் போதாது. இப்போது தெருவுக்குத் தெரு முளைக்கும் பிக்கிள்பாலுக்கு 44 அடி நீளம் வேண்டும், அதுவும் போடமுடியாது. யோகா வகுப்பு நடத்தலாம், பொருள் போட்டு வைக்கலாம். ஸ்குவாஷுக்குக் கட்டிய அறை ஸ்குவாஷைத் தவிர வேறு விளையாட்டுக்கு உதவாது. அப்படியென்றால் அதை ஒழுங்காக வைத்திருப்பது, இல்லை என்றால் நேர்மையாக இழுத்து மூடுவது என்று இரண்டே வழிதான்.

தரையில் தொடங்குகிறது எல்லாமே

ஒரு கோர்ட்டின் ஆயுள் தரையில் இருக்கிறது. நல்ல கோர்ட்டின் தரை மேப்பிள் அல்லது பீச் மரப் பலகை. கீழே கட்டைகள், அவற்றின் மேல் பலகை, லேசாக அமுங்கி எழும்பும் அமைப்பு. முழங்காலைக் காப்பாற்றுவது அந்த அமுக்கம்தான். முக்கியமான விஷயம், இந்த மரத்துக்கு வார்னிஷ் போடக்கூடாது. வீட்டு மரத்தரை மாதிரி பளபளப்பு ஏற்றினால் வியர்வைத் துளி விழுந்த இடம் வழுக்கும். பாலிஷ் இல்லாத மரம் வியர்வையைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், ஷூவும் பிடிக்கும்.

இங்கேதான் நம் ஊரின் முதல் தப்பு நடக்கிறது. ஹவுஸ்கீப்பிங் ஊழியரிடம் "கோர்ட்டையும் சேர்த்துத் துடைச்சிடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அவர் லாபிக்குப் போடும் அதே வாளித் தண்ணீர், அதே ஃபினாயில், அதே மாப்போடு உள்ளே வருகிறார். அவர் மேல் குற்றமில்லை, யாரும் சொல்லித்தரவில்லை. தண்ணீர் பலகை இடுக்கில் இறங்குகிறது, மரம் ஊதுகிறது, ஓரங்கள் தூக்கிக்கொள்கின்றன. அதன்பின் கால் தடுக்கும், பந்து எகிறும் திசை மாறும். மரத்தரைக்குத் தேவை காய்ந்த, அகலமான மைக்ரோஃபைபர் மாப் மட்டும்தான். தினம் ஒரு தடவை, ஐந்து நிமிஷ வேலை. கறை இருந்தால் பிழிந்த ஈரத்துணி, உடனே காய்ந்த துணி.

மரம் மழைக்காலத்தில் விரியும், வெயில் காலத்தில் சுருங்கும். அதற்காகவே சுவர் ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள். "அசிங்கமா இருக்கு, பூச்சி போகுது" என்று யாராவது அதை சிமென்ட் வைத்து அடைத்துவிட்டால், அடுத்த நவம்பரில் தரை நடுவில் மேடு தட்டிக்கொண்டு எழும்பும். கரையான் பற்றிச் சொல்லவே வேண்டாம். பலகைக்கு அடியில் இருட்டு, ஈரம், மரக்கட்டை, மூன்றும் இருக்கிறது. வருஷா வருஷம் கரையான் தடுப்பு மருந்து வேலை செய்யும் ஆட்கள் வரும்போது கோர்ட்டையும் அவர்கள் பட்டியலில் சேர்த்தாக வேண்டும்.

அடுத்தது ஷூ. வெளியே ரோட்டில் போட்ட ஷூவோடு உள்ளே வந்தால் அடியில் ஒட்டிய மணல் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். கறுப்பு சோல் கோடு போடும். 'நான்-மார்க்கிங் ஷூ மட்டும்' என்று போர்டு வைத்தால் போதாது. கோர்ட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஷூ மாற்ற ஒரு பெஞ்ச் வேண்டும். பெஞ்ச் இல்லாத இடத்தில் அந்த விதி ஒருநாளும் அமலாகாது. சில வருஷங்களுக்கு ஒருமுறை மேல்பரப்பை மெஷின் வைத்து இழைத்து, கோடுகளைத் திரும்ப வரையவேண்டியிருக்கும். இதுதான் பெரிய செலவு. இதற்கு முன்கூட்டியே பணம் ஒதுக்காத கிளப், அந்த வருஷம் வந்ததும் கையைப் பிசையும்.

சுவர், தகரம், காற்று

ஸ்குவாஷில் மனிதர் அடித்த பந்து மணிக்கு 280 கிலோமீட்டரைத் தாண்டிய பதிவு உண்டு. ஆஸ்திரேலியாவின் கேமரன் பில்லி அடித்தது. பக்கத்து பிளாக்கில் இருந்து வருபவர் அவ்வளவு வேகமாக அடிக்கப்போவதில்லைதான். ஆனாலும் ஒரே சுவரில், ஏறக்குறைய ஒரே உயரத்தில், நாளெல்லாம் அடி விழுகிறது. சாதாரணப் பூச்சு இதைத் தாங்காது. ஸ்குவாஷுக்கென்றே உள்ள கெட்டியான பிளாஸ்டர் வேண்டும். அது உள்ளே விட்டுப்போயிருக்கிறதா என்று கண்டுபிடிக்க எஞ்சினியர் தேவையில்லை. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டொக்' என்று வெற்றுச் சத்தம் வரும் இடம் பிளாஸ்டர் விட்ட இடம். கையளவு இருக்கும்போதே சரிசெய்தால் சின்ன வேலை. கொத்தனாரைக் கூப்பிட்டு சிமென்ட் பூசி மேலே எமல்ஷன் அடித்தால், பந்து அந்த இடத்தில் மட்டும் வேறு மாதிரி திரும்பும். மூன்றாம் நாள் பெயின்ட் உரியும்.

சுவரில் விழும் கறுப்புத் தடங்கள் பந்தின் ரப்பர். ஈர ஸ்பாஞ்சும் மிதமான சோப்பும் போதும், மாதம் ஒருமுறை துடைக்கலாம். விட்டுவிட்டால் சுவர் சாம்பல் நிறமாகி, 40 மில்லிமீட்டர் கறுப்புப் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். புதிதாக வந்தவர் "எனக்கு இந்த கேம் செட் ஆகல" என்று போய்விடுவார். உண்மையில் அவருக்குப் பந்தே தெரிந்திருக்காது! எரியாத ஒரு டியூப்லைட்டும் இதே வேலையைத்தான் செய்யும்.

முன்சுவரின் அடியில் 48 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தகரம் இருக்கும். அதில் பட்டால் அவுட். அது தகரமாக இருப்பதற்குக் காரணமே சத்தம். சத்தம் வராத மாதிரி மரப்பலகை வைத்துவிட்ட கோர்ட்டில் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் சண்டை நடக்கும்.

காற்றோட்டம்தான் கடற்கரை ஊர்களின் தனிப் பிரச்சினை. இரண்டு பேர் முக்கால் மணி நேரம் ஓடினால் அறைக்குள் ஈரம் ஏறும். வெளியிலும் ஈரம். சுவரில் பனித்துளி மாதிரி நீர் கோர்த்தால் பந்து வழுக்கி விழும், தரையும் வழுக்கும். அப்போது விளையாடுவது ஆபத்து. ஏசி போட்டால் தீரும் என்று நினைப்பார்கள். அரைகுறையாகத்தான் தீரும். ஸ்குவாஷ் பந்து சூடானால்தான் எகிறும். போட்டிகளில் பயன்படும் இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்தைப் புதிதாகக் கற்பவர் ஏசி அறையில் அடித்தால் அது செத்த எலி மாதிரி கீழேயே கிடக்கும். ஏசியைவிட முதலில் வேண்டியது நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன். அடுத்தது, கிளப்பின் அலமாரியில் ஒற்றைப் புள்ளி, சிவப்பு, நீலப் பந்துகள் நாலைந்து. நீலப் பந்து கொஞ்சம் பெரியது, நன்றாக எகிறும். முதல் வாரத்திலேயே பத்து ஷாட் ராலி ஆட முடிந்தவர் இரண்டாம் வாரமும் வருவார்.

அதே அலமாரியில் இரண்டு ஜோடி பாதுகாப்புக் கண்ணாடியும் இருக்கட்டும். கால்பந்து முகத்தில் பட்டால் கன்ன எலும்பும் புருவ எலும்பும் தடுக்கும். ஸ்குவாஷ் பந்து அளவில் சின்னது, நேராகக் கண்குழிக்குள் போய் உட்காரும். குழந்தைகளுக்கு இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மார்க்கர் என்ற மனிதர்

இவ்வளவையும் யார் செய்வது? பழைய கிளப்களில் இதற்கு ஒரு ஆள் உண்டு, பெயர் மார்க்கர். கோர்ட்டைத் திறப்பது, துடைப்பது, புக்கிங் நோட்டு பார்ப்பது, ராக்கெட்டுக்கு கட் போடுவது, புதியவருக்குச் சொல்லித்தருவது, ஜோடி இல்லாமல் வந்தவரோடு தானே ஆடுவது எல்லாம் அவர் வேலை. மெம்பர்களை நன்றாக ஓடவிட்டு, கடைசியில் மெல்லத் தோற்றுக்கொடுக்கும் நாசூக்கும் பலருக்குக் கைவந்த கலை.

இந்த விளையாட்டின் வரலாற்றையே மாற்றியவர் இப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவர்தான். பெஷாவரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் கிளப்பில் ஹாஷிம் கானின் அப்பா ஊழியர். கூரையில்லாத கோர்ட்டிலிருந்து வெளியே பறந்து விழும் பந்துகளைப் பொறுக்கிப் போடுவது சிறுவன் ஹாஷிமின் வேலை. அதிகாரிகள் ஓய்வெடுக்கப் போன நேரத்தில் வெறும் காலோடு ஆடிப் பழகினார். 1951-ல் பிரிட்டிஷ் ஓபனை வென்றார். மொத்தம் 7 முறை வென்றார். அதன்பின் பல பத்தாண்டுகள் உலக ஸ்குவாஷை ஆண்டது பெஷாவர் பக்கத்து கான்கள்தான்.

அடுக்குமாடி அசோசியேஷன்கள் மிச்சம் பிடிக்கும் முதல் செலவு இந்த மனிதரின் சம்பளம். "செக்யூரிட்டி கிட்ட சாவி இருக்கு, அது போதும்" என்பது வாதம். செக்யூரிட்டியிடம் சாவி இருக்கும், பொறுப்பு இருக்காது. ஒரு பலகை தூக்கிக்கொண்டதை முதலில் பார்க்கும் கண் மார்க்கருடையது. அந்தக் கண் இல்லாத கோர்ட் மூன்று மழைக்காலம் தாண்டுவது கஷ்டம். அப்படி ஒருவரை வைத்துக்கொண்டு அரைச் சம்பளம் கொடுத்து, பாக்கியை மெம்பர்களின் டிப்ஸில் விடுவதும் சரியில்லை. அவர் செய்வது எடுபிடி வேலை அல்ல, மூன்று பேர் வேலை.

கணக்கு போட்டுப் பார்க்கலாம்

ஒரே ஒரு கோர்ட். காலை 6 முதல் 10, மாலை 5 முதல் 10, மொத்தம் 9 மணி நேரம். முக்கால் மணி நேர ஸ்லாட்டாகப் பிரித்தால் ஒரு நாளைக்கு 12. அதில் 8 தான் நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 240 ஸ்லாட். ஒரு ஸ்லாட்டுக்கு 120 ரூபாய், அதாவது ஆளுக்கு 60 ரூபாய் என்றால் 28,800 ரூபாய். ஒரு ஃபில்டர் காபி, ஒரு பிளேட் போண்டா விலையில் முக்கால் மணி நேர வேர்வை. வாங்கும் இடத்துக்கு ஏற்ப தொகை மாறலாம், கணக்கின் வடிவம் மாறாது: பெரும்பங்கு சம்பளம், அடுத்து மின்சாரம், அதற்கடுத்து தரைக்கான சேமிப்பு. அந்தக் கடைசிப் பங்கை தனி வங்கிக் கணக்கில் போடவேண்டும். பொதுக் கணக்கில் கிடந்தால் லிஃப்ட் ரிப்பேர் வந்ததும் அதுவும் சேர்ந்து போய்விடும்.

8 ஸ்லாட் எப்படி நிரம்பும் என்பதுதான் அடுத்த கேள்வி. இலவசமாக விட்டால் நிரம்பாது. இது கேட்க முரணாக இருக்கும். இலவசம் என்றால் ஒரே ஆள் ஏழு நாளும் மாலை 7 மணி ஸ்லாட்டை புக் செய்து வைப்பார், நாலு நாள் வரமாட்டார். மற்றவர்கள் ஆப்பில் பார்த்து, இடமில்லை என்று விட்டுவிடுவார்கள். கோர்ட் காலியாகவும் இருக்கும், கிடைக்கவும் கிடைக்காது. சின்னக் கட்டணம், வராவிட்டால் அபராதம், ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு முன்பதிவு மட்டும் என்ற மூன்று விதிகள் இதைச் சரிசெய்யும்.

ஆட்களைப் பிடித்து வைக்க இங்கிலாந்து கிளப்களில் நெடுநாளாக ஓடும் பாக்ஸ் லீக் முறையைவிட எளிமையான ஒன்று இன்னும் வரவில்லை. ஏறக்குறைய ஒரே தரத்தில் ஆடும் ஐந்து பேர் ஒரு குழு. ஒரு மாதத்துக்குள் ஒவ்வொருவரும் மற்ற நால்வரோடு ஆடவேண்டும், நேரம் அவரவர் வசதி. முதலிடம் பிடித்தவர் மேல் குழுவுக்கு, கடைசி ஆள் கீழ் குழுவுக்கு. ஐந்து பேருக்கு 10 மேட்ச். நாலு குழு இருந்தால் மாதம் 40 மேட்ச் தானாகவே நடக்கும். ஐடி வேலையில் யாரோடும் நேரம் ஒத்துவராத ஒருவருக்கு, தன் அளவுக்கு ஆடும் நாலு பேரின் வாட்ஸ்அப் எண் கிடைப்பதே பெரிய விஷயம். இரண்டு பேர் நன்றாக ஆடும் கிளப்பைவிட இருபது பேர் சுமாராக ஆடும் கிளப்தான் நிற்கும். நட்சத்திர ஆட்டக்காரர்களே கமிட்டியில் உட்கார்ந்தால் இது மறந்துபோகும்.

காலை 10 முதல் மாலை 5 வரை

மேலே போட்ட கணக்கில் 7 மணி நேரம் வரவே இல்லை. கோர்ட் இருக்கிறது, மார்க்கர் இருக்கிறார், ஆள் இல்லை. ஹாஷிம் கான் பழகியது இந்த மாதிரி நேரத்தில்தான்.

குடியிருப்பின் சுற்றுச்சுவருக்கு வெளியே அநேகமாக ஒரு மாநகராட்சிப் பள்ளியோ அரசுப் பள்ளியோ இருக்கும். வாரம் இரண்டு மதியம் பன்னிரண்டு பிள்ளைகளை உள்ளே விட்டால் என்ன நஷ்டம்? சில பழைய ராக்கெட், நீலப் பந்து, மார்க்கருக்கு அந்த நேரத்துக்குத் தனிச் சம்பளம். அசோசியேஷன் கூட்டத்தில் இதைச் சொன்னால் கேட்கும் முதல் குரல் "செக்யூரிட்டி இஷ்யூ". அதே குடியிருப்புக்குள் தினம் உணவு டெலிவரி செய்பவர்களும், வீட்டு வேலைக்கு வருபவர்களும், கேப் டிரைவர்களும் வந்து போகிறார்கள். கேட்டில் பதிவேடு இருக்கிறது. பிள்ளைகள் ஆசிரியரோடு வருகிறார்கள். ஆக இது செக்யூரிட்டி பற்றிய கவலை இல்லை, வேறு ஒன்று. அதை வெளிப்படையாகச் சொல்ல யாரும் தயாராக இல்லை. வீட்டு வேலை செய்யும் அக்காவின் மகளும் அந்தக் கோர்ட்டில் ஆடலாமா என்று கேட்டால் கூட்டத்தில் விழும் அமைதியே பதில். ஸ்குவாஷ் பணக்காரர் விளையாட்டு என்ற பெயர் விலையால் மட்டும் வந்ததில்லை, கதவால் வந்தது.

எதிர்த்தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. 400 வீட்டில் 20 வீடு ஆடுவதற்கு மற்ற 380 வீடு ஏன் பணம் கட்டவேண்டும்? கட்டவேண்டாம். ஆடுபவர்கள் கட்டணத்திலேயே கோர்ட் ஓடவேண்டும், கூரையும் சுவரும் மட்டும் கட்டடத்தின் பொதுச் செலவு. ஒரு வருஷம் தரை, விளக்கு, ஆள் எல்லாம் சரியாக வைத்து, லீக் நடத்தி, அப்போதும் ஒரு நாளைக்கு இரண்டு ஸ்லாட்தான் நிரம்புகிறது என்றால் மூடிவிட்டு நூலகமாக்கலாம். தவறே இல்லை. மெத்தையும் சைக்கிளும் போட்டு வைத்துவிட்டு "டிமாண்ட் இல்லை" என்று தீர்மானம் போடுவதைத்தான் ஏற்கமுடியாது.

இப்போது உங்கள் குடியிருப்பில் பூட்டிய கோர்ட் ஒன்று இருந்தால், ஆளெடுப்பதற்கும் லீக் தொடங்குவதற்கும் முன்னால் மேற்கூரையைப் பாருங்கள். மாடிக்குக் கீழே இருந்தால் தளத்தில் வெடிப்பு, ஷீட் கூரை என்றால் ஸ்க்ரூ இடுக்கு, தரைத்தளமோ அடித்தளமோ என்றால் மழைநீர் எந்தப் பக்கம் வந்து நிற்கிறது என்று. ஒரே ஒரு சொட்டு ஒழுகல் போதும், மொத்தத் தரையும் போய்விடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். வாட்டர்ப்ரூஃபிங் ஆட்களைச் செப்டம்பர் முதல் வாரத்திலேயே கூப்பிட்டுவிட வேண்டும். முதல் மழை விழுந்தபிறகு கூப்பிட்டால் ஊரே அவர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கும், பொங்கலுக்கு அப்புறம்தான் வருவார்கள்.